நகத்தில் ஏறும் பொன்: எந்த ஃபாயில், எந்தக் கைக்கு?

நகத்தின் மேல் ஒட்டும் பொன்னிறத் தாளுக்கு மும்பைக் கடைகளில் ஒரே பெயர்தான்: கோல்டு ஃபாயில். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் குறைந்தது ஐந்து வெவ்வேறு சரக்குகள் வந்து விழும். ஒன்றில் அலுமினியம், ஒன்றில் பித்தளை, ஒன்றில் காக்காப்பொன், எப்போதாவது ஒன்றில் உண்மைத் தங்கம். டப்பாவின் மூடியில் இந்த விவரம் எதுவும் இருக்காது. நிறம் பார்த்து எடுக்கிறோம், விலை பார்த்துத் தயங்குகிறோம், நாலாம் நாள் நகம் கறுத்தோ வெளுத்தோ போனதும் பார்லர் அக்காவைக் குறை சொல்கிறோம்.

மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர் வீடுகளில் கல்யாணக் கைக்கு மருதாணியும் வளையலும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் உண்டு. நகத்தில் பொன் ஏற்றுவது பின்னால் வந்து சேர்ந்த வழக்கம். அதைப் பற்றிச் சொல்லப் பாட்டியோ பெரியம்மாவோ கிடையாது. அந்த இடத்தை இப்போது செல்போன் காணொளிகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேறு தட்பவெப்பத்தில், வேறு சமையலறை உள்ள கைகளுக்காகச் செய்தவை. எனவே என்னென்ன வகை இருக்கிறது, எது எதனால் கெடுகிறது, எந்தக் கைக்கு எது நிற்கும் என்று மொத்தமாகப் பார்ப்பது பயன்தரும். இந்தக் கட்டுரை வந்து சேரும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: பொன்னிறத்தைக் கடைசியில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் கீழே என்ன பூச்சு, மேலே என்ன பூச்சு, அந்தக் கை என்ன வேலை செய்யும் என்ற மூன்றையும் முதலில் தீர்மானித்தால் ஃபாயில் தானாகவே தீர்மானமாகிவிடும்.

ஒரே பெயரில் ஐந்து சரக்கு

முதலாவது, அதிகம் புழங்குவது, டிரான்ஸ்ஃபர் ஃபாயில். சின்ன டப்பாவில் சுருளாகவோ கைநீளத் துண்டுகளாகவோ வரும். பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி நகத்தில் வைத்து, விரலால் அழுத்தித் தேய்த்து, சடக்கென்று இழுத்தால் பொன் நகத்தில் தங்கிவிடும், நிறமற்ற பிளாஸ்டிக் தாள் மட்டும் கையோடு வரும். புதிதாகச் செய்பவர்கள் மின்னும் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு ஃபாயில் மட்டம் என்று தூக்கிப்போடுவது சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாவது, செதில். மெல்லிய தகட்டைக் கிழித்துப் போட்டதுபோல் குட்டி டப்பாவில் அடைத்திருக்கும். இடுக்கியால் எடுத்து ஈரப் பூச்சின் மேல் வைத்து அமுக்க வேண்டும். இது பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு. படச் சட்டம் செய்பவர்கள் போலித் தங்க ரேக்காகப் பயன்படுத்துவதும் இதைத்தான்.

மூன்றாவது, உண்மையான தங்க ரேக்கு. 22 முதல் 24 காரட் வரை கிடைக்கும். சின்னப் புத்தகம்போல் தாளுக்கு நடுவே வைத்து விற்பார்கள். ஜப்பானில் கனசாவா நகரமும் ஜெர்மனியில் ஷ்வாபாக் நகரமும் இந்தத் தொழிலுக்குப் பேர்போனவை. நம் ஊர்த் தஞ்சாவூர் ஓவியர்கள் ஜெய்ப்பூரிலிருந்து வரும் தாளை வாங்குவது வழக்கம்.

நான்காவது, குரோம் பவுடர். ஜெல் பூச்சை விளக்கில் காயவைத்த பிறகு பஞ்சுக் குச்சியால் தேய்க்கும் தூள். கண்ணாடிபோல் மின்னும். முத்துப் பளபளப்புத் தரும் தூள்களில் காக்காப்பொன் செதில்களின் மேல் உலோக ஆக்சைடு பூசியிருப்பார்கள். கண்ணாடிப் பளபளப்புத் தரும் தூள்களில் அலுமினியச் செதில்கள் உண்டு.

ஐந்தாவது, ஒட்டுத் துண்டுகள். பின்னால் பசை தடவிய மெல்லிய கோடுகள், நக வடிவில் வெட்டிய ஸ்டிக்கர்கள் எல்லாம் இதில் அடங்கும். போடுவது சுலபம், ஓரம் தூக்கிக்கொள்வதும் சுலபம். ஒரு நாள் விழாவுக்கு மேல் இவற்றிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆகையால் மீதி நான்கைத்தான் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

டிரான்ஸ்ஃபர் ஃபாயிலில் தங்கம் கிடையாது, பித்தளையும் கிடையாது. அடியில் பாலியெஸ்டர் தாள், அதன் மேல் பிரிந்துவரும் மெழுகு போன்ற ஒரு படலம், அதற்கு மேல் மஞ்சள் சாயம் கலந்த அரக்குப் பூச்சு, கடைசியாக வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். இந்த அலுமினியப் படலம் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்கு கனம்தான். வெள்ளியாக மின்னுவது அலுமினியத்தின் வேலை, அதைப் பொன்னாகக் காட்டுவது நகத்தில் ஏறியதும் மேலே வந்துவிடும் மஞ்சள் அரக்கின் வேலை. சாயத்தை மாற்றினால் அதே அலுமினியம் ரோஸ் கோல்டு, சாம்பேன், செம்பு, பச்சை என்று எத்தனை வேஷம் வேண்டுமானாலும் போடும்.

இந்த அடுக்கு அழகுக்கலைக்காகவே பிறந்ததும் இல்லை. கிர்காவின் காதில்கர் சாலையில் அச்சாகும் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரைப் பொன்னாகப் பதிப்பது இந்தக் குடும்பத்துத் தாள்தான். தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறைகளாகக் கைவைத்த தோல் தொழிலிலும் அது உண்டு. பர்ஸின் மூலையில் பெயரைப் பொன்னெழுத்தில் பதிக்கச் சூடான அச்சுக்குக் கீழே வைப்பது அதைத்தான். விசைத்தறிப் புடவையில் ஓடும் பிளாஸ்டிக் சரிகையும் இதன் தங்கைதான். உலோகம் படிந்த பாலியெஸ்டர் தாளை நூலளவு கீற்றாக வெட்டினால் அந்தச் சரிகை கிடைத்துவிடும்.

அப்படியானால் பத்திரிகை அச்சடிப்பவரிடம் மலிவாகக் கிடைக்கும் பெரிய சுருளை வாங்கி நகத்துக்கு வெட்டிக்கொள்ளலாமா? சில சமயம் ஒட்டும், பல சமயம் ஒட்டாது. அச்சுக்கூடத்துத் தாள் சூட்டில் இளகிப் பிரியும்படி செய்தது. அதன் முதுகில் சூட்டில் உருகும் பசையும் உண்டு. நகத் தாள் விரல் அழுத்தத்துக்கே பிரிய வேண்டும். அச்சுத் தாளை நகத்தில் தேய்த்தால் திட்டுத்திட்டாக வருவது இதனால்தான். கிழிசல் அலங்காரம் வேண்டுமென்றால் அது குறையில்லை. முழு நகமும் கண்ணாடியாக மின்ன வேண்டுமென்றால் சுருளுக்குக் கொடுத்த காசு வீண்.

மஞ்சள் வெறும் சாயம் என்று தெரிந்ததும் அது எதற்குப் பயப்படும் என்பதும் தெரிந்துவிடுகிறது. அரக்கைக் கரைக்கும் எதற்கும் பயப்படும். சாதாரண நெயில் பாலிஷிலும் டாப் கோட்டிலும் எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. ஃபாயிலின் மேல் அவை பட்டதும் மஞ்சள் அரக்கு நெகிழ்ந்து, பால் ஆடை சுருங்குவதுபோல் மொத்தமும் சுருங்கி, பளபளப்பு மங்கிவிடும். காணொளியில் அழகாக வந்தது வீட்டில் சுருக்கம் விழுவதற்கு முதல் காரணம் இதுதான். தாளின் தரம் இரண்டாவதுதான்.

அசல் தங்கம் கட்டுப்படியாகுமா?

கேட்பதற்கு ஆடம்பரமாகத் தோன்றும் கேள்வி. கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. தங்க ரேக்கின் கனம் ஏறத்தாழ 0.1 மைக்ரான். அந்தக் கனத்துக்குத் தட்டினால் 1 கிராம் தங்கம் அரைச் சதுர மீட்டர் பரப்பை மூடும். பத்து நகங்களின் பரப்பு சுமாராக 10 சதுர சென்டிமீட்டர். ஆக, பத்து நகத்துக்கும் போதுமான தங்கம் 2 மில்லிகிராம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் உலோகத்தின் விலை 20 ரூபாய். விலை இரண்டு மடங்கானாலும் 40 ரூபாய்தான்.

ஆனால் கடையில் அந்த விலைக்குக் கிடைக்காது. தட்டுகூலி, தாள், வெட்டும்போதும் எடுக்கும்போதும் போகும் சேதாரம், முழுப் புத்தகமாகத்தான் விற்பேன் என்னும் கடைக்காரர் எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றிவிடுகின்றன. மூச்சுக்காற்றில் பறக்கும் ரேக்கை நகத்தில் கிடத்தும் கை லேசில் வராது, அந்தத் தேர்ச்சிக்கும் கூலி உண்டு. தஞ்சாவூர் ஓவியம் வாங்குகிறவர்கள் கேட்கும் ‘அசல் ரேக்கா, போலித் தாளா’ என்ற கேள்வி இங்கேயும் பொருந்துகிறது. ஓவியத்துக்கு அதன் பதில் தெளிவானது: தலைமுறைகள் தாண்டி நிற்க வேண்டிய படத்துக்கு அசல்தான் சரி. நகம் அப்படியில்லை. மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, வெட்டி எறியப்படுவது. என்றும் கறுக்காது என்பதுதான் தங்கத்தின் பெரிய குணம். பத்து நாளில் கழற்றப்போகும் அலங்காரத்துக்கு அந்தக் குணத்தில் பாதி வீண்.

இருந்தாலும் அசல் ரேக்குக்கு ஓர் இடம் உண்டு. பித்தளைச் செதிலைப்போல் அது வியர்வையில் பச்சை பூக்காது. தோலோடு வினைபுரிவது மிக அரிது. மேலே எந்த டாப் கோட் போட்டாலும் நிறம் மாறாது, ஏனென்றால் அதன் மஞ்சள் சாயத்தால் வந்ததில்லை. பத்து விரலிலும் வேண்டாம், மோதிர விரல் இரண்டில் மட்டும் வைத்தால் போதும் என்பவர்களுக்குச் செலவும் தாங்கும்.

நகையோடு சேரும் மஞ்சள்

பொன்னிறத்தைத் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கண்ணை ஏமாற்றும். அதே கையில் ஏற்கெனவே வேறு பொன்கள் இருக்கின்றன. தமிழ் வீடுகளின் நகை பெரும்பாலும் 22 காரட், அதாவது 916. அதன் மஞ்சள் ஆழமானது, லேசாகச் சிவப்பு ஓடும். கடையில் ‘லைட் கோல்டு’, ‘சாம்பேன்’ என்று வரும் ஃபாயில்கள் மேல்நாட்டு 14 காரட் நகையின் வெளிறிய மஞ்சளுக்குப் பக்கத்தில் நிற்பவை. 916 வளையலுக்கு அருகில் அவற்றை வைத்தால் வெள்ளியில் அரைகுறையாக முலாம் போட்டதுபோல் தெரியும். அங்கே ‘டீப் கோல்டு’ எனப்படும் அடர் மஞ்சள்தான் பொருந்தும்.

நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகையின் பாணியில் சிவப்புக் கெம்புக்கல் பதித்த மாலையும் வங்கியும் போடும் பெண்ணுக்கு இதிலும் மாற்றம் வேண்டும். அந்த நகைகளின் பொன் மங்கலானது, பள்ளங்களில் கருமை படிந்தது. கண்ணாடியாக மின்னும் ஃபாயில் அதன் பக்கத்தில் நெருடும். இங்கே பித்தளைச் செதிலே மேல், அதன் சுருக்கமும் லேசான செம்மையும் பழைய நகையோடு ஒத்துப்போகும்.

புடவையையும் பார்க்க வேண்டும். அசல் காஞ்சிபுரச் சரிகையில் பட்டு இழையைச் சுற்றியிருப்பது வெள்ளிக் கம்பி, அதன் மேல் மெல்லிய தங்க முலாம். மொத்த எடையில் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே அந்தச் சரிகையின் பொன் சாந்தமானது. அதற்கு அடர் ஃபாயிலின் முழு நகத்தைவிட, அரக்குச் சிவப்பு அல்லது கரும்பச்சை நகத்தின் மேல் தூவிய செதில் பொருந்தும். பிளாஸ்டிக் சரிகைப் புடவையென்றால் டிரான்ஸ்ஃபர் ஃபாயில் அச்சாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டும் ஒரே பொருள்.

அடுத்து வெளிச்சம். கண்ணாடிபோன்ற பரப்பு தன்மேல் படும் ஒளியை ஒரே திசையில் திருப்பிவிடுகிறது. அந்தத் திசையில் கண் இருந்தால் பளீரென்று மின்னும், இல்லாவிட்டால் கறுப்பாகத் தெரியும். சுருங்கிய செதில் பல திசைகளிலும் ஒளியைச் சிதறடிப்பதால் எங்கிருந்து பார்த்தாலும் கொஞ்சம் பொன் தெரியும். குரோம் பவுடரும் முழு ஃபாயிலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு. மண்டபத்தின் பின்வரிசைக்கும் மேடைக்கும் செதில்தான். 1945 முதல் மாட்டுங்காவில் பரதம் கற்பிக்கும் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் போன்ற பள்ளிகளின் மாணவிகள் அரங்கேற்றத்துக்கு விரல்நுனியில் அல்தா இட்டுக்கொள்வார்கள். அந்தச் சிவப்புக்கு நடுவே நகத்தில் ஏதாவது மின்ன வேண்டுமென்று ஆசைப்பட்டால் சண்முகானந்தா மண்டபம் போன்ற பெரிய அரங்கில் கண்ணாடி நகம் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும், செதில் மின்னும். புகைப்படக்காரரின் ஃபிளாஷுக்கு முன்னாலும் இதே கதை: முழுக் கண்ணாடி வெள்ளையாக வெடித்துவிடும்.

கீழே ஒன்று, மேலே ஒன்று

ஃபாயில் நிற்பதும் போவதும் இந்த இரண்டு அடுக்குகளைப் பொறுத்தது. எனவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சாதாரண நெயில் பாலிஷின் மேல் டிரான்ஸ்ஃபர் ஃபாயில் போட வேண்டுமானால் நடுவே ஃபாயில் பசை வேண்டும். பூசும்போது பால்போல் வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் நிறமற்றுப்போய்க் கையில் லேசாக ஒட்டும். அப்போதுதான் தாளை வைக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும்போதே வைத்தால் பசையும் சேர்ந்து நகர்ந்துவிடும். மழைக்காலத்தில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவதால் நீர் கலந்த இந்தப் பசை காய வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். விசிறிக்குக் கீழே பொறுமையாக உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை.

ஜெல் பூச்சில் பசை தேவைப்படாமலும் போகலாம். விளக்கில் காய்ந்த ஜெல்லின் மேற்பரப்பைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுதாக இறுகவிடுவதில்லை. மெல்லிய பிசுபிசுப்பு மிஞ்சும். அதுவே ஃபாயிலைப் பிடித்துக்கொள்ளும். சிலவகை டாப் கோட்டில் இந்தப் பிசுபிசுப்பு இருக்காது, ‘நோ வைப்’ என்று எழுதியிருக்கும். அதன் மேல் ஃபாயில் ஒட்டாது. குரோம் பவுடருக்கோ அதுதான் வேண்டும், பிசுபிசுப்பில் தூள் கட்டிதட்டிப்போகும். ‘குரோமுக்கு நோ வைப், ஃபாயிலுக்குப் பிசுபிசுப்பு’ என்ற ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் குறையும்.

மேல் பூச்சில்தான் நிறம் தப்பிக்கிறது அல்லது கெடுகிறது. டிரான்ஸ்ஃபர் ஃபாயிலின் மேல் சாதாரண டாப் கோட்டை நேராகப் பூசக்கூடாது. முதலில் நீர் அடிப்படையிலான டாப் கோட்டை ஒரு கை பூசிக் காயவிட்டு, அதன் மேல் வழக்கமானதைப் பூசினால் கரைப்பான் மஞ்சள் அரக்கைத் தொடாது. ஜெல் டாப் கோட்டில் இந்தக் கரைப்பான்கள் இல்லை என்பதால் சுருக்கம் வராது. ஆனால் வழவழப்பான முழு ஃபாயிலின் மேல் ஜெல் பிடிப்பில்லாமல் நிற்கும், ஓரத்திலிருந்து தோலாக உரியும். அதனால் நகத்தின் நுனியில் ஃபாயில் இல்லாத மெல்லிய விளிம்பு விட்டு, அங்கே டாப் கோட் நேரடியாகக் கீழ்ப்பூச்சைப் பிடிக்கும்படி மடித்து முடிக்க வேண்டும். முழுத் தகடாக ஒட்டியதைவிடத் திட்டுத்திட்டாக ஒட்டியது அதிக நாள் நிற்பதற்கும் காரணம் இதுதான். இடைவெளிகளில் மேல் பூச்சும் கீழ்ப் பூச்சும் கைகோத்துக்கொள்கின்றன.

பித்தளைச் செதிலுக்குச் சுருக்கப் பயம் இல்லை, கறுக்கும் பயம் உண்டு. காற்றும் வியர்வையும் புளியும் உப்பும் எட்டாதபடி முழுக்க மூட வேண்டும். செதிலின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூந்தலில் சிக்கும், அங்கிருந்து கறுக்கவும் தொடங்கும். இரண்டு கை டாப் கோட் என்பது இங்கே ஆடம்பரமாகாது.

வேலை செய்யும் கை

செம்பூரிலிருந்து துறைமுக ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அலுவலகம் போகும் கை வேறு. தாராவியில் இட்லிக்கு மாவு அரைத்து விற்கும் கை வேறு. இருவருக்கும் ஒரே ஃபாயிலைப் பரிந்துரைக்கும் காணொளியை நம்புவதற்கில்லை.

நம் சமையலறையில் நகப்பூச்சுக்கு முதல் எதிரி மஞ்சள்தூள். ஜெல் டாப் கோட்டிலும் அது ஏறும். பொன் நகத்தில் மஞ்சள் கறை தெரியாது என்று நினைக்கலாம். உண்மையில் பொன்னின் இடைவெளிகளில் இருக்கும் வெள்ளை, பீச் நிறங்கள் மஞ்சளாகி, பொன்னின் ஓரம் அழுக்காகத் தெரியும். கீழ்ப்பூச்சு அரக்கு, மெரூன், கரும்பச்சை என்று அடர்நிறமாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. படிந்த மஞ்சளுக்கு வெயில் நல்ல மருந்து. குர்குமின் என்னும் அந்தச் சாயம் ஒளியில் வெளுத்துவிடும். மருதாணிக் கறைக்கு இந்த மருந்து பலிக்காது, ஆகையால் கல்யாணத்தில் மருதாணி முதலில், நகம் மறுநாள் என்ற வரிசையை மாற்றக்கூடாது.

கையால் சாப்பிடுகிறவர்கள் நாம். செதில் உதிர்ந்தால் சோற்றில் விழும். அசல் தங்கம் விழுந்தால் ஒன்றும் ஆகாது, அது வினைபுரியாமல் வெளியேறிவிடும். பித்தளையும் செம்பும் அப்படியில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-ல் பிறந்தநாள் கேக்கின் மேல் தடவிய ரோஸ் கோல்டு தூளால் குழந்தைகள் வாந்தியெடுத்து நோயுற்றார்கள், தூளில் செம்பு மிக அதிகமாக இருந்தது தெரியவந்தது. நகத்திலிருந்து உதிரும் ஓரிரு துணுக்கு அந்த அளவுக்கு வராது. ஆனாலும் குழந்தைக்குச் சோறு ஊட்டும் கைக்கும் சமையலைத் தொழிலாகச் செய்யும் கைக்கும் செதிலையும் தூளையும் தவிர்ப்பதே முறை. நகம் அழகாக வேண்டுமென்றால் ஓரிரு விரலில் நன்றாக மூடிய டிரான்ஸ்ஃபர் ஃபாயில் போதும்.

உடம்புக்கு எது ஆகாது

ஃபாயிலைவிட அதைப் பிடித்துவைக்கும் ஜெல்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. ஜெல்லில் உள்ள மெத்தாக்ரிலேட்டுகள், குறிப்பாக ‘ஹெமா’ எனப்படுவது, தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். பல் மருத்துவரின் பூச்சுப் பொருள்களிலும் இதன் உறவுகள் இருப்பதால் தொல்லை நகத்தோடு நிற்காது. பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-ல் இதைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறையாளர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. ஜெல்லை இறுகச் செய்யும் ‘டிபிஓ’ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அழகுசாதனங்களில் சேர்க்க முடியாது. வீட்டில் போடுகிறவர்கள் நகத்தைச் சுற்றிய தோலில் ஜெல் படாமல் போடுவதும், பட்டதை விளக்கில் வைக்கும் முன்பே துடைப்பதும் எந்தச் சட்டத்தையும்விடப் பெரிய பாதுகாப்பு.

குரோம் பவுடரைப் பஞ்சால் தேய்க்கும்போது தூள் பறக்கும். நாள் முழுக்க அதைச் செய்யும் பார்லர் பெண்ணுக்கு முகக்கவசம் அவசியம். அழிக்கும் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், கேஸ் அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் இரண்டடி தள்ளி உட்கார்ந்து நகம் செய்துகொடுக்கும் பெண்கள் இதை மறக்கக்கூடாது. அடுப்பு எரியும்போது புட்டியைத் திறக்காமல் இருப்பதும், கதவைத் திறந்துவைப்பதும் பணம் செலவில்லாத முன்னெச்சரிக்கைகள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020-ஆம் ஆண்டின் இந்திய அழகுசாதன விதிகளின்படி இங்கே தயாராகும் பொருளில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண் இருக்க வேண்டும். இறக்குமதியானதில் இறக்குமதியாளரின் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். செயற்கைச் சாயங்களில் ஈயம் 20 பிபிஎம், ஆர்சனிக் 2 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது. பசை, ஜெல், டாப் கோட் ஆகியவற்றில் இந்த விவரங்களைத் தேடுவது எளிது. ஃபாயில் டப்பாக்களோ கைவினைப் பொருள்போல மொட்டையாக வருகின்றன. ஆகவே தோலில் படக்கூடிய திரவங்களைப் பெயர் தெரிந்ததாக வாங்கி, பூச்சுக்கு நடுவில் அடைபடும் ஃபாயிலில் மட்டும் சிக்கனம் பார்ப்பது நியாயமான சமரசம்.

வாங்குமுன் ஐந்து நிமிடம்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதியினருக்கும் மொத்தச் சந்தை ஒன்றுதான். செம்பூரிலிருந்தும் சயான், மாட்டுங்காவிலிருந்தும் மஸ்ஜித் நிலையத்தில் இறங்கினால் கிராஃபோர்டு மார்க்கெட் நடைதூரம். அங்கும் அப்துல் ரஹ்மான் தெருவிலும் அழகுப் பொருளும் கைவினைப் பொருளும் அடுத்தடுத்து விற்கின்றன. அங்கே வாங்கினால் மலிவு, ஆனால் திருப்பிக் கொடுக்க முடியாது. எனவே ஒரு டப்பா வாங்கிச் சோதித்துவிட்டுப் பத்து டப்பா வாங்குவதே புத்தி.

சோதனைகள் எளியவை. தாளின் ஓரத்தில் சாதாரண செல்லோடேப்பை ஒட்டி இழுத்தால் பொன் முழுதாகப் பெயர்ந்து வர வேண்டும். திட்டுத்திட்டாக வந்தால் அது நகத்துக்கான தாள் இல்லை. பெயர்ந்த பொன்னின் மேல் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்தால் மஞ்சள் போய் வெள்ளி தெரியும். எவ்வளவு சட்டென்று போகிறதோ அவ்வளவு கவனமாக டாப் கோட் போட வேண்டும் என்று பொருள். அசல் ரேக்கு என்று சொல்லி விற்ற தாளின் மேல் உப்புக் கலந்த வினிகரில் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்தால் பித்தளை பச்சையாகும், தங்கம் அப்படியே இருக்கும். நிறத்தைக் கடையின் வெள்ளை விளக்கில் முடிவு செய்யாமல் கையில் போட்டிருக்கும் வளையலோடு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கழற்றுவதையும் வாங்கும்போதே யோசிப்பது நல்லது. ஃபாயிலைச் சுரண்டி எடுத்தால் நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துச் சுற்றி ஊறவிட்டு, தானாக நெகிழ்ந்ததை மட்டும் துடைக்க வேண்டும். மிஞ்சும் பிளாஸ்டிக் தாளுக்குத் தாராவி 13-வது காம்பவுண்டின் மறுசுழற்சிக் கூடங்களிலும் பெரிய மதிப்பில்லை. உலோகம் படிந்த மெல்லிய தாளைப் பிரித்தெடுத்து உருக்குவது கட்டுப்படியாகாது. தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, எது யாருக்கு

மணப்பெண்ணுக்கு: அடர்நிற ஜெல்லின் மேல் அடர் மஞ்சள் டிரான்ஸ்ஃபர் ஃபாயில், திட்டுத்திட்டாக. மோதிர விரல்களில் அசல் ரேக்கு, ஆசையும் வசதியும் இருந்தால். கோயில் நகையும் காஞ்சிப்பட்டும் சேர்ந்தால் பித்தளைச் செதில், இரண்டு கை டாப் கோட்டுடன். மேடையில் ஆடும் பெண்ணுக்கும் செதில்தான், ஜெல் வேண்டாம், மறுநாள் கழற்றும்படி சாதாரணப் பூச்சு. அலுவலகம் போகிறவருக்கு ஓரிரு விரலில் ஃபாயில், நீர் அடிப்படை டாப் கோட். சமைத்துப் பிழைக்கும் கைக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் நன்றாக மூடிய ஃபாயில் மட்டும், தூளும் செதிலும் கூடாது. குரோம் பவுடரைப் பார்லருக்கு விட்டுவிடலாம். வீட்டில் செய்தால் அதன் பளபளப்பைவிடச் சிரமமே மிஞ்சும்.

இந்தப் பட்டியலில் விலை எங்குமே முதல் காரணமாக வரவில்லை. வகைகளுக்கு இடையேயான விலை வித்தியாசம், டாப் கோட் தவறினால் போகும் ஒரு நாள் உழைப்பைவிடக் குறைவு. நகத்துக்கு 100 ரூபாய் கூடச் செலவழிக்க முடியும் என்றால் அதை ஃபாயிலில் போடுவதைவிட நல்ல நீர் அடிப்படை டாப் கோட் ஒன்றில் போடுவது நல்ல கணக்கு. மலிவான தாளையும் அது காப்பாற்றும். அது இல்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த டிரான்ஸ்ஃபர் தாளும் சுருங்கிவிடும்.